காவல் தூதரின் பெயரும் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தியும்

கேள்வி: ஐயா, நாங்கள் கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) சபை, மாமியார் ஆர்.சி. (கத்தோலிக்கர்). வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் லைனில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபக்கூட்டம் வைக்கிறோம். சில மாதமாகச் சமவெளியிலிருந்து ஒரு ஊழியக்காரர் வந்துபோகிறார். காணிக்கை வாங்கிக்கொண்டு, அவரவருடைய காவல் தூதரின் பெயரைச் சொல்கிறார். ஏழு கிழமைக்கு ஏழு தூதர், ஏழு நிற மெழுகுவர்த்தி என்று அச்சடித்த அட்டை ஒன்றும் தந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை நீல மெழுகுவர்த்தி ஏற்றி மிகாவேல் தூதரிடம் கேட்டால் காட்டெருமை, கரடி கிட்டே வராதாம். விடியுமுன் ஃபேக்டரிக்கு நடந்து போகும் என் கணவர் அந்தப் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டால் ஊழியக்காரர், "தூதர் காலில் யோசுவா விழவில்லையா, யோவானே விழுந்தாரே" என்கிறார். நிறுத்தினால் தூதர் வீட்டை விட்டுப் போய்விடுவார், பிள்ளைகளுக்கு நோய் வரும் என்றும் சொல்லிவிட்டார். போன வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாமியார் நடுங்கிப்போயிருக்கிறார். நான் என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, கோத்தகிரி)

பதில்:

அன்புச் சகோதரி,

காய்ச்சலிலிருந்தே தொடங்குகிறேன், மற்றவை ஒரு நாள் காத்திருக்கலாம். சின்னவனுக்கு இன்னும் விடவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிற மாதங்களில் லைன் முழுக்கப் பிள்ளைகள் இருமிக்கொண்டுதான் இருப்பார்கள். அட்டை வாங்காத வீடுகளிலும் காய்ச்சல் உண்டா, அட்டை வாங்கித் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றும் வீடுகளிலும் உண்டா என்று விசாரித்துப் பாருங்கள். மாமியாரின் பயம் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு வேதத்தைத் திறக்க வேண்டும். தூதர்கள் "இரட்சிப்பைச் சுதந்தரிக்கப்போகிறவர்களினிமித்தமாக ஊழியஞ்செய்யும்படிக்கு" அனுப்பப்படும் பணிவிடை ஆவிகள் என்கிறது எபிரெயர் 1:14. அனுப்புகிறவர் தேவன். சங்கீதம் 91:11இலும் அப்படியே: "உனக்காகத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்." நம் வீட்டில் மெழுகுவர்த்தி எரிவதைப் பார்த்து வருகிறவரும் இல்லை, அணைந்ததைப் பார்த்துக் கோபித்துப் போகிறவரும் இல்லை. தன்னைக் கவனிக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளைக்கு நோய் கொடுத்த நல்ல தூதன் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை எங்கும் கிடையாது. "என்னைப் பணிந்துகொண்டால் தருவேன்" என்று கேட்டவன் வேதத்தில் உண்டு; மத்தேயு 4:9இல் அவன் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்வதால் உங்கள் வீட்டில் பிசாசு புகுந்துவிட்டது என்று இன்னொரு பயத்தைக் கிளப்பிவிடாதீர்கள். அந்த அட்டை அச்சடித்த காகிதம், அவ்வளவுதான். அதற்குக் காக்கவும் தெரியாது, கெடுக்கவும் தெரியாது.

இனி, வெளிப்படுத்தல் நூலை எழுதிய யோவான். அவர் விழுந்தார் என்று உங்கள் ஊழியக்காரர் சொன்னது சரி. இரண்டு முறை விழுந்தார்: வெளிப்படுத்தல் 19:10, 22:8. ஆனால் விழுந்ததைச் சொல்லிவிட்டு, தூதன் சொன்ன பதிலை விட்டுவிடுவது யாரையும் ஏமாற்றப் போதுமான பாதி உண்மை. "இப்படிச் செய்யாதபடிக்குப் பார், உன்னோடும் இயேசுவைக்குறித்துச் சாட்சியிட்ட உன் சகோதரரோடுங்கூட நானும் ஒரு ஊழியக்காரன், தேவனைத் தொழுதுகொள்." இரண்டு இடத்திலும் ஏறக்குறைய இதே பேச்சு. தயக்கமோ சமாதானமோ அதில் இல்லை.

யோவானைப் போன்ற ஒருவர் ஏன் இரண்டு தரம் தவறினார் என்பதுதான் உங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் பயன்படும் கேள்வி. அவர் விழுந்த நேரத்தைக் கவனியுங்கள். முதல் முறை, ஆட்டுக்குட்டியானவரின் கலியாண விருந்தைப் பற்றிக் கேட்டு, "இவைகள் தேவனுடைய சத்தியமான வசனங்கள்" என்று தூதன் முத்திரை வைத்தாற்போல் சொன்ன உடனே. இரண்டாம் முறை, புதிய எருசலேம் முழுவதையும் பார்த்து முடித்து, இந்த வசனங்கள் உண்மையும் சத்தியமுமானவை என்று கேட்ட பிறகு. பாபிலோனின் அழிவைக் காட்ட அழைத்தவனும் (17:1), எருசலேமைக் காட்ட அழைத்தவனும் (21:9) ஏழு கலசங்களையுடைய ஏழு தூதரில் ஒருவன். ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் ஒரு விழுதல், ஒரு கண்டிப்பு என்று நூலே இரண்டையும் இணையாக அமைத்திருக்கிறது. தூதன் மெய்யானவன், செய்தி மெய்யானது, யோவானின் நெஞ்சம் நிறைந்திருந்தது. தவறு அங்கேதான் நுழைந்தது: நல்ல செய்தி கொண்டுவந்தவன்மேல் பொங்கிய நன்றி, அனுப்பினவரிடம் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆகவே "எங்களுக்கு வந்த தரிசனம் உண்மை, ஜெபம் பலித்தது" என்று கூட்டத்தில் யார் எவ்வளவு சாட்சி சொன்னாலும் அது வணக்கத்துக்கு நியாயம் ஆகாது. உண்மையான தூதனே வந்திருந்தாலும் பதில் ஒன்றுதான்.

அதே நூலில் இன்னொரு விழுதலும் இருக்கிறது. 1:17இல் யோவான் மனுஷகுமாரனைக் கண்டு செத்தவனைப்போல் அவர் பாதத்தில் விழுகிறார். அங்கே "இப்படிச் செய்யாதே" என்ற சொல் வரவில்லை. வலதுகரத்தை அவர்மேல் வைத்து "பயப்படாதே" என்கிறார், "நான் முந்தினவரும் பிந்தினவருமாயிருக்கிறேன்" என்கிறார். கூட்டத்தில் 1:17, 19:9-10, 22:6-9 ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. நீங்கள் எதுவும் விளக்காமலே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும்.

யோசுவா விஷயம் சற்றுச் சிக்கலானது. அதைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது. யோசுவா 5:14இல் அவர் விழுந்தபோது எதிரே நின்றவர் தடுக்கவில்லை என்பது உண்மை. மாறாக, பாதரட்சையைக் கழற்று, நிற்கிற இடம் பரிசுத்தமானது என்கிறார். இதே சொல்லை மோசே முட்செடியருகே கேட்டது யாத்திராகமம் 3:5இல். அங்கே முதலில் தோன்றியது கர்த்தருடைய தூதனானவர், பேசியதோ தேவன். ஆகார் (ஆதியாகமம் 16), கிதியோன் (நியாயாதிபதிகள் 6) ஆகியோரின் கதைகளிலும் கர்த்தருடைய தூதனானவர் தேவனாகவே பேசுகிற இடங்கள் இப்படி வருகின்றன. அவர் மனுஷனாகப் பிறக்குமுன் தோன்றிய குமாரனே என்று 2ஆம் நூற்றாண்டின் சபைப் பிதா யுஸ்தீன் வாதித்தார். தேவனுடைய பெயரால் பேசிய படைக்கப்பட்ட தூதன் என்று பின்வந்த சபைப் பிதா அகுஸ்தீன் எடுத்துக்கொண்டார். எந்தப் பக்கம் நின்றாலும் யோசுவாவின் பணிவு தேவனுக்கே போய்ச் சேருகிறது. சிம்சோனின் தகப்பன் மனோவாவின் கதையில் இது இன்னும் தெளிவு. வந்தவர் யார் என்று தெரியாமல் அவன் ஆட்டுக்குட்டி சமைக்கிறேன் என்று உபசரிக்கிறான். சர்வாங்க தகனபலி இடவேண்டுமானால் கர்த்தருக்குச் செலுத்து என்கிறார் அவர். பெயர் என்ன என்று கேட்டதற்கும் பெயர் கிடைக்கவில்லை. ஏன் கேட்கிறாய், அது அதிசயம் என்ற பதில்தான் (நியாயாதிபதிகள் 13:16-18). காணிக்கை வாங்கிக்கொண்டு தூதரின் பெயர் சொல்கிற வேலைக்கு இந்த ஒரு பகுதியே போதுமான மறுப்பு.

லோத்து தூதர்கள்முன் தரைமட்டும் குனிந்தான் என்பதையும் சிலர் காட்டுவார்கள். அந்தத் தேசத்து ஜனங்களாகிய ஏத்தின் புத்திரருக்கு முன்னும் ஆபிரகாம் குனிந்தான் (ஆதியாகமம் 23:7), நிலம் வாங்கப் போன இடத்தில். அது மரியாதை. கலியாண வீட்டில் பெரியவர்கள் காலில் விழுந்து எழுகிறோமே, அந்த வகை.

அட்டைக்கு வருவோம். உங்கள் சபை வாசிக்கும் வேதாகமத்தில் நல்ல தூதர்களில் பெயரோடு வருகிறவர்கள் இரண்டே பேர். மிகாவேல்: தானியேல் 10, 12 அதிகாரங்கள், யூதா 9, வெளிப்படுத்தல் 12:7. காபிரியேல்: தானியேல் 8, 9 அதிகாரங்கள், லூக்கா 1. கத்தோலிக்க விவிலியத்தில் தோபித்து நூலில் இரபேல் சேர்ந்து மூவர். ஊரியேல் என்ற பெயர் ஏனோக்கு போன்ற புறநூல்களில் வருவது. இவர்களுக்கு அடுத்து இப்படிப்பட்ட அட்டைகளில் வழக்கமாக வரும் சாமுயேல், யோபியேல், சாத்கியேல் ஆகியவை பிற்காலத்து மறைஞானப் பட்டியல்களின் பெயர்கள். (சாமுயேல் என்பதைப் பார்த்துப் பிள்ளைகள் தீர்க்கதரிசி சாமுவேல் என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.) கிழமைக்கு ஒரு தூதர் என்ற ஏற்பாடு கிழமைக்கு ஒரு கிரகம் என்ற பழைய கணக்கிலிருந்து வந்தது, அதில் மிகாவேலுக்கு ஞாயிற்றுக்கிழமை. தூதருக்கு ஒரு நிற ஒளிக்கதிர் என்ற ஏற்பாடு 20ஆம் நூற்றாண்டில் மேலைநாட்டு மறைஞானக் குழுக்கள் பரப்பியது. அங்கே மிகாவேலுக்கு நீலமும் செவ்வாயும். பட்டியலுக்குப் பட்டியல் கிழமை மாறுவதே இது வேதத்திலிருந்து வந்ததில்லை என்பதற்குச் சாட்சி. ராகுகாலம் பார்ப்பதை விட்டுவிட்ட குடும்பங்களுக்குள், தூதர் பெயரைப் பூசிக்கொண்டு அதே நாள் பார்த்தல் திரும்பி வருகிறது.

கொலோசெ சபைக்கு எழுதிய நிருபத்தில் பவுல் கண்டித்ததும் இந்தக் கலவைதான். கொலோசெயர் 2:16இல் பண்டிகை நாள், மாதப்பிறப்பு, ஓய்வுநாள். இரண்டு வசனம் தள்ளி "கட்டாயமான தாழ்மையிலும், தேவதூதர்களுக்குச் செய்யும் ஆராதனையிலும்" விருப்பமுற்றவர்களைப் பற்றிய எச்சரிக்கை. தூதர்களோடு சேர்ந்து செய்யும் ஆராதனையை அது குறிக்கிறது என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு. ஆனால் அந்தப் பகுதியில் பின்னாளில் நடந்தது முதல் பொருளுக்கே வலுச் சேர்க்கிறது. லவோதிக்கேயா கொலோசெக்குப் பக்கத்து ஊர், ஏறக்குறைய கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் உள்ள தூரம். வெளிப்படுத்தல் யாருக்கு அனுப்பப்பட்டதோ அந்த ஏழு சபைகளில் ஒன்று அது. "தேவனைத் தொழுதுகொள்" என்பதை முதலில் வாசித்துக் கேட்டவர்களின் ஊர். அங்கேயே 4ஆம் நூற்றாண்டில் கூடிய ஆயர்கள் சங்கம், கிறிஸ்தவர்கள் சபையை விட்டுப் போய்த் தூதர்களின் பெயரைச் சொல்லி அழைத்துத் தனிக்கூட்டம் கூடக் கூடாது என்று 35ஆம் விதியாக எழுத வேண்டியிருந்தது. அடுத்த நூற்றாண்டில் ஆயர் தியோதொரேத்து அந்தப் பக்கத்து மக்களிடம் இந்த வியாதி நீண்ட நாள் நிலைத்திருந்தது என்று குறிப்பிடுகிறார். ஒரு முறை வாசித்துக் காட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்று நீங்களும் எதிர்பார்க்க வேண்டாம்.

மாமியாரிடம் கொலோசெயர் 2:18ஐ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "உங்கள் சபைதான் தப்பு" என்று அவர் காதில் விழும். அட்டை நழுவிப்போய் சி.எஸ்.ஐ.யா ஆர்.சி.யா என்ற பழைய சண்டையில் வந்து நிற்கும். அவர் சிறு வயதிலிருந்து காவல் சம்மனசை (காவல் தூதரை) வேண்டியிருப்பார். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, தூதருக்கும் புனிதருக்கும் வணக்கமும் பரிந்துரை வேண்டலும் என்பது அவர் சபையின் போதனை. தூதரிடம் எந்த வேண்டுதலும் வைப்பதில்லை என்பது உங்கள் சபையின் வழக்கம். நான் உங்கள் பக்கத்து நிலையை ஏற்றுக்கொண்டவன். ஆனாலும் இந்த வேற்றுமையை இப்போது தீர்க்கத் தேவையே இல்லை, ஏனென்றால் அட்டை அவர் சபையின் கணக்கிலும் தேறாது. 745இல் ரோமில் திருத்தந்தை சக்கரியா கூட்டிய சங்கத்தில் அல்டெபெர்ட் என்ற ஊர்சுற்றிப் போதகரின் வழக்கு வந்தது. தன் நகத்தையும் முடியையும் பக்தர்களுக்குக் கொடுத்தவர் அவர். எட்டுத் தூதர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் ஜெபம் ஒன்றும் எழுதியிருந்தார். சங்கம் அவரைக் கண்டித்து, மிகாவேல், காபிரியேல், இரபேல் தவிர வேறு பெயரை ஏற்பதில்லை என்றது. 2001இல் வத்திக்கான் வெளியிட்ட பக்திமுயற்சிகள் பற்றிய வழிகாட்டி ஏட்டின் 217ஆம் எண்ணும் இந்த மூன்றைத் தவிரத் தூதர்களுக்குப் பெயரிடும் பழக்கத்தை ஊக்குவிக்கக் கூடாது என்கிறது. வருகிற கஷ்டத்தையெல்லாம் சாத்தானுக்கும், கிடைக்கிற நன்மையையெல்லாம் காவல் தூதருக்கும் ஏற்றிச் சொல்லும் சிறுபிள்ளைத்தனத்தையும் அதே இடம் கண்டிக்கிறது. சின்னவன் காய்ச்சலுக்கு இது நேராகப் பொருந்தும்.

ஆகவே மாமியாரை அவருடைய பங்குத்தந்தையிடம் அட்டையோடு கூட்டிப்போங்கள். "இதன்படி மெழுகுவர்த்தி ஏற்றலாமா ஃபாதர்?" என்று அவர் வாயாலேயே கேட்கட்டும், நீங்கள் பேசாமல் இருங்கள். வீட்டில் பேசுவதானால் அவருடைய விவிலியத்தில் தோபித்து 12ஐ வாசியுங்கள். தான் யார் என்று இரபேல் வெளிப்படுத்தியதும் தந்தையும் மகனும் முகங்குப்புற விழுகிறார்கள். அஞ்ச வேண்டாம், கடவுளைப் போற்றுங்கள், நான் உங்களோடு இருந்தது கடவுளின் திருவுளத்தால்தான் என்று அவர் திருப்பி விடுகிறார். யோவான் கேட்ட பதிலுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பிள்ளைகள் கேட்டால் தோட்டத்து வழக்கிலேயே சொல்லலாம்: சம்பளத்தை எண்ணிக் கையில் தருவது கணக்கப்பிள்ளை, ஆனால் அது அவர் வீட்டுப் பணம் இல்லை.

அடுத்து, ஜெபத்தைத் திருத்துவது. தூதர்களைப் பற்றிப் பேசவே கூடாது என்று எதிர்முனைக்குப் போய்விடாதீர்கள். அப்படிப் போன குடும்பங்களில்தான் அட்டை ரகசியமாக அலமாரிக்குள் போகிறது. ஜெபத்தின் ஒவ்வொரு வரியிலும் யாரைக் கூப்பிடுகிறோம், யாரிடம் கேட்கிறோம், யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று பாருங்கள். "மிகாவேல் தூதரே, என் கணவரின் வழியைக் காத்தருளும், உமக்கு நன்றி" என்ற வரியில் மூன்றும் தூதரிடம் நிற்கின்றன. "ஆண்டவரே, உம்முடைய தூதர்களைக் கொண்டு அவர் வழியைக் காத்தருளும், உமக்கே ஸ்தோத்திரம்" என்று மாற்றினால் தூதரும் இருக்கிறார், தேவனும் தம் இடத்தில் இருக்கிறார். தானியேல் சிங்கக் கெபியிலிருந்து பேசியது இந்த அமைப்பில்தான்: தேவன் தம்முடைய தூதனை அனுப்பி வாயைக் கட்டிப்போட்டார் (6:22). பேதுருவும் சிறையிலிருந்து வெளியே வந்ததும் கர்த்தர் தம்முடைய தூதனை அனுப்பி விடுதலையாக்கினார் என்கிறான் (அப்போஸ்தலர் 12:11). அந்தத் தூதனின் பெயரை அவன் கேட்கவும் இல்லை, தெரிந்துகொள்ளவும் இல்லை. சங்கீதம் 103:20இல் தாவீது தூதர்களை நேராக அழைக்கிறானே என்று யாராவது எழுப்பினால், அங்கே அவன் எதையும் கேட்கவில்லை, கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள் என்றுதான் சொல்கிறான் என்று காட்டுங்கள்.

கனவில் தூதர் வந்தார் என்று சாட்சி சொல்கிறவர்களைக் கேலி செய்ய வேண்டாம். கனவு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று மட்டும் பாருங்கள். பணம், பயம், ரகசியம், ஒரு மனிதரைச் சுற்றிய கூட்டம் ஆகியவற்றில் முடிந்தால் கலாத்தியர் 1:8ஐயும் 2 கொரிந்தியர் 11:14ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

உங்கள் கணவரின் சட்டைப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கீதம் 91இன் தூதர் வசனத்தை வேதத்தில் ஒருவன் எடுத்துக்காட்டிப் பேசுகிறான். மத்தேயு 4:6இல் சோதனைக்காரன். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்கிறான். உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்று இயேசு மறுத்தார். படம் இருக்கிற தைரியத்தில் இருட்டில் தனியாகத் தேயிலைக் காட்டுக் குறுக்குவழியில் போவது அந்தக் குதிப்புக்கு நெருங்கிய காரியம். நல்ல டார்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரண்டு மூன்று பேராக, பேசிக்கொண்டு, தார்ச்சாலை வழியாகவே போகட்டும். காட்டெருமை நின்றால் விரட்டாமல், ஓடாமல், முகத்தில் வெளிச்சம் அடிக்காமல், மெல்லப் பின்வாங்கி அது போகும்வரை காத்திருக்கட்டும். பேதுருவை விடுவிக்க வந்த தூதன்கூட, வெளியே கூட்டிப்போகுமுன் அரையைக் கட்டு, பாதரட்சையைத் தொடுத்துக்கொள் என்றுதான் சொன்னான்.

மெழுகுவர்த்திகளை வீசிவிட வேண்டாம். கரண்ட் போகிற நாட்களில் எந்தக் கிழமையிலும் எந்த நிறத்தையும் ஏற்றலாம். அட்டையை மாமியார் கண்முன் கிழிப்பதோ எரிப்பதோ கூடாது. பங்குத்தந்தையைப் பார்த்து வந்தபின் அவரே எடுத்துத் தரட்டும். அதுவரை சுவரிலிருந்து இறக்கி ஒரு மேஜை இழுப்பறையில் வைத்தால் போதும். கூட்டத்தை உங்கள் சபையின் ஆயருக்குத் தெரிவித்து, அடுத்த வெள்ளி அவரையோ ஒரு மூப்பரையோ உட்காரவையுங்கள். அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தால், காணிக்கையைத் திருப்பிக் கேட்டுத் தகராறு வளர்க்காமல், வெளிப்படுத்தல் 22:9ஐ எல்லார் முன்னிலையிலும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்துவிட்டு அட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சம்மதித்தால் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுங்கள். சம்மதிக்காவிட்டாலும் தேநீர் கொடுங்கள். அடுத்த வெள்ளிக்கு மட்டும் அழைக்க வேண்டாம்.